கன்ட்ரோல் யார் கையில்?

கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் எழுதியது பத்திரமாகிவிடும் என்பது என் மதம். கோயிலைக் கடக்கும்போது கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்வதுபோல, ஒவ்வொரு வரி முடிந்ததும் என் விரல் அங்கே போய்விடும். எங்கள் அலுவலகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒருவன், தன் கறுப்புத் திரையை என்னிடம் தரும்போதே எச்சரித்தான்.

"அண்ணே, இதுல கன்ட்ரோல் எஸ் வேணாம். திரை அப்படியே நின்னுடும்."

"நின்னா?"

"கன்ட்ரோல் க்யூ. ஓட ஆரம்பிச்சிடும்."

"வேற மென்பொருள்ல அது கடையையே மூடிடுமேப்பா!"

"அப்ப அங்க அழுத்தாதீங்க."

டெலிபிரிண்டர் காலத்தில் 'நிறுத்து', 'தொடர்' என்று இயந்திரங்கள் பேசிக்கொண்ட பாஷையாம் அது. டெலிபிரிண்டர் போய்விட்டது, பாஷை போகவில்லை. அதே திரையில் கன்ட்ரோல் சி அழுத்தினால் நகல் எடுக்காது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் கதையை முடித்துவிடும்.

ஏதோ நாலு எழுத்தில் மட்டும் உலகம் கிட்டத்தட்ட ஒத்துப்போயிருக்கிறது: இசட், எக்ஸ், சி, வி. வெட்டி ஒட்டும் முறையை 1970களில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவாக்கியவர்களில் ஒருவரான லாரி டெஸ்லர், பிறகு ஆப்பிளுக்குப் போனார். 1983இல் வந்த லிசா கணினியில் இந்த நாலும் வரிசையாக உட்கார்ந்தன. எக்ஸ் என்பது அடித்துவிடும் குறி. சி, காப்பியின் முதலெழுத்து. புரூஃப் திருத்துகிறவர்கள் விடுபட்ட சொல்லை நுழைக்கப் போடும் கூரைக் குறியைக் கவிழ்த்தால் வி. செய்ததை ரத்துசெய்யும் இசட், பக்கத்து வீடு. ஜெர்மன் கீபோர்டில் அந்த வீட்டில் ஒய் குடியிருக்கிறது என்பது வேறு விஷயம். ஒரே விசை இடத்துக்கு இடம் வேறு வேலை செய்வது டெஸ்லருக்குப் பிடிக்காது. தன் காரின் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்று எழுதிவைத்திருந்த மனிதர்.

ஐபிஎம் சும்மா இருக்குமா? 1987இல் 'காமன் யூசர் ஆக்சஸ்' என்று பொதுவிதி போட்டது. எஃப் 1 என்றால் உதவி. வெட்ட ஷிஃப்ட் டெலீட், நகலுக்குக் கன்ட்ரோல் இன்சர்ட், ஒட்ட ஷிஃப்ட் இன்சர்ட். ஆரம்பகால விண்டோஸ் இதைத்தான் படித்தது. பின்னால் கட்சி மாறியது. பழைய பழக்கத்தையும் விடவில்லை, பல இடங்களில் இன்றும் வேலை செய்கிறது. வேர்ட்பெர்ஃபெக்ட் என்ற அந்தக் காலத்து எழுத்து மென்பொருளில் உதவி கேட்க எஃப் 3, வெளியேற எஃப் 7. எது எதற்கு என்று அச்சடித்த அட்டையைக் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டுதான் மக்கள் தட்டினார்கள். எனக்கு அந்த அட்டைமேல் மரியாதை உண்டு. குழப்பத்தை அது மறைக்கவில்லை.

நாலு எழுத்தைத் தாண்டினால் காடு. ரத்துசெய்ததைத் திரும்பச் செய்ய வேர்டில் கன்ட்ரோல் ஒய். ஈமாக்ஸ் என்ற எடிட்டர்காரர்களுக்கு அது ஒட்டும் விசை. இன்டெல்லிஜே என்ற நிரல் எழுதும் மென்பொருளில் அது வரி முழுவதையும் தூக்கிவிடும். பெரும்பாலானோர் கன்ட்ரோல் எஃப் அழுத்தித் தேடுகிறார்கள். அவுட்லுக்கிலோ அது கடிதத்தை இன்னொருவருக்கு அனுப்பக் கிளம்பும். தேடுவது என்னவோ பெரும்பாலும் யாருக்கும் அனுப்பக்கூடாத கடிதத்தைத்தான். ஸ்பானிஷ் வேர்டில் சேமிக்கக் கன்ட்ரோல் ஜி.

எல்லாரும் உட்கார்ந்து பேசி ஒரே பட்டியல் போட்டால் என்ன என்று கேட்டால், எல்லாரும் 'அவசியம் வேண்டும்' என்பார்கள். பட்டியலைக் கையில் கொடுத்தால் ஒவ்வொருவரும் தருவது அவரவர் விரலின் பழக்கத்தை. நானும் எஸ்ஸை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எங்கள் கணக்குப் பிரிவு நண்பர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. விசைகளை நம் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று தம்பி சொன்னதும், சனி ஞாயிறில் உட்கார்ந்து எல்லா மென்பொருளுக்கும் தானே ஒரு சட்டம் எழுதிவிட்டார். அவர் லீவு போட்ட அன்று மேலாளர், இன்னும் இரண்டு பேர், கடைசியில் தம்பியே வந்து உட்கார்ந்தும் ஒரு பில்லை அச்சடிக்க முடியவில்லை. திரும்பி வந்தவர் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை எடுத்துவிட்டார், இனி தேவையில்லையாம்.