உருகுசோப்பு: ஒரு வினைத்தொகை ஆராய்ச்சி

கடையில் பாளமாக வாங்கி, நறுக்கி, உருக்கி, அச்சில் ஊற்றி, ஆறியதும் தட்டி எடுத்தால் ஆயிற்று என்னும் சோப்பை வீட்டில் செய்வோர் 'மெல்ட் அண்ட் போர்' என்பர். இதை உருகுசோப்பு என்று அழைப்பதே இலக்கணத்துக்கு உகந்தது. ஊறுகாய் போல் இதுவும் வினைத்தொகை. நேற்று அடுப்பில் உருகிய சோப்பு, இன்று குளியலறையில் உருகுகின்ற சோப்பு, நாளை மிச்சமும் உருகும் சோப்பு என முக்காலமும் இதில் கரந்து நிற்கின்றன. இதை இறந்தகாலத்தோடு நிறுத்திவைக்க வழியுண்டா என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

ஆய்வுக்குத் தூண்டுகோல் சென்ற நவராத்திரி. கொலுவுக்கு வந்தவர்களுக்கு என் மனைவி வெற்றிலை பாக்கோடு ரோஜா வடிவச் சோப்பு ஒன்றும் வைத்துக் கொடுத்தாள். நான்காம் நாள் எதிர்வீட்டு மாமி வந்து, "வாசனை பேஷா இருக்குடி. சோப்பைத்தான் காணோம்" என்றார். ஆய்வுச் சிக்கலை இதைவிடச் சுருக்கமாக யாரும் வரையறுத்துவிட முடியாது.

மிஞ்சிய ரோஜாக்களின் மேல் முத்து முத்தாக நீர். சோப்பு வியர்க்கிறது என்பது உலக வழக்கு. ஆராய்ச்சி வழக்கில் அது பிழை. வியர்வை உள்ளிருந்து வருவது, இது வெளியிலிருந்து வந்தது. குற்றவாளி கிளிசரின். 1779இல் ஸ்வீடனின் வேதியியலாளர் ஷீலே ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு காய்ச்சியபோது அகப்பட்ட இனிப்பான திரவம் இது. காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வது இதன் பிறவிக்குணம். சருமத்துக்கு நல்லது என்று அட்டையில் புகழப்படுவதும் இக்குணமே, சென்னையின் ஐப்பசியில் சோப்பைக் கொழகொழக்க வைப்பதும் இக்குணமே. ஆகவே அச்சிலிருந்து எடுத்து ஆறிய கையோடு மெல்லிய பிளாஸ்டிக் தாளில் காற்றுப் புகாமல் சுற்றிவிட வேண்டும். சீக்கிரம் இறுகட்டும் என்று ஃபிரீசரில் வைப்பாரும் உளர். வெளியே எடுத்ததும் குளிர்ந்த சொம்பின் மேல்போல் நீர் கோத்துக்கொள்ளும். அவர் கட்சி அத்தோடு கரைந்தது.

நான்கைந்து வாரம் காயவைத்தால் கெட்டிப்படும் என்பது இன்னொரு மயக்கம். காரமும் எண்ணெயும் கலந்து வீட்டிலேயே சோப்பாக்குவோருக்கு அது வேதவாக்கு. அதில் நீர் ஆவியாகிக் கட்டி இறுகும். உருகுசோப்பிலோ அந்த ரசவாதம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. மழைக்காலத்தில் திறந்து வைத்துக் காத்திருந்தால் ஈரம் கூடுமே தவிரக் குறையாது. பொறுத்தார் பூமி ஆளலாம், உருகுசோப்பை ஆள முடியாது.

இனி, கெட்டிப்படுத்தும் பொருள்கள். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் கொழுப்புகளைப் பற்றி 1823இல் வெளியிட்ட நூல் இத்துறைக்குத் தொல்காப்பியம். கிளிசரினுக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. (1786இல் பிறந்து 1889 வரை 102 ஆண்டு வாழ்ந்தார். நீடித்து உழைத்தல் பற்றிப் பேசும் தகுதி அவருக்கு உண்டு.) அவர் ஆராய்ந்த ஸ்டியரிக் அமிலத்தைச் சிறிதளவு சேர்த்தால் கட்டி இறுகுகிறது. அது உருக 69 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்துப் பொறுமையாக உருக்க வேண்டும், கொதிக்கவிடக் கூடாது. விலை என்னவென்றால் கண்ணாடித் தெளிவு போய்விடும், நுரை குறையும். தேன்மெழுகும் அப்படியே. கை அதிகமானால் குளிப்பது மெழுகுவத்தியோடா என்ற ஐயம் எழும்.

என் துணிபு வேறு. சேர்ப்பதைவிடச் சேர்க்காமல் இருப்பதில்தான் கெட்டி இருக்கிறது. கற்றாழைச் சாறு, பன்னீர், பசும்பால், தேன், தேங்காயெண்ணெய் என்று ஒவ்வொருவர் யோசனைக்கும் ஒரு கரண்டி ஊற்றினால் கிடைப்பது பஞ்சாமிர்தம். எங்கள் ரோஜாக்களில் இவற்றுள் நான்கு இருந்தன என்பதை ஆய்வு நேர்மை கருதிப் பதிவு செய்கிறேன். யோசனைகளில் இரண்டு என்னுடையவை.

'கடைச் சோப்பு மட்டும் ஒரு மாதம் வருகிறதே?' எனின், அது உருளைகளுக்கிடையே அரைபட்டு, எந்திரத்தில் நெருக்குண்டு வந்தது. முதல்தரக் குளியல் சோப்பில் 76 விழுக்காடு கொழுப்புப்பொருள் வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். ஊற்றி எடுத்ததை அதனோடு ஒப்பிடுவது, இட்லி ஏன் முறுக்குப்போல் ஒரு மாதம் தாங்கவில்லை என்று கேட்பது.

இத்தனைக்கும் கை தேய்த்துக் கரைவது கொஞ்சம்தான். ஒரு நாளில் சோப்பு மனிதரோடு இருப்பது சில நிமிடம். எஞ்சிய நேரமெல்லாம் ஓட்டையில்லாத டப்பாவில், இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறது. இதைச் சோதிக்க ஒரே ஊற்றில் வந்த இரண்டு கட்டிகளைத் தேர்ந்தேன். ஒன்று பழைய டப்பாவிலேயே. மற்றது ஷவர் சாரல் எட்டாத ஜன்னல் மாடத்தில், காய்ந்த பீர்க்கங்காய்க் கூட்டின் மேல். மூன்றாம் நாளே டப்பாக் கட்டியின் அடிப்பாகம் பாயசமாயிற்று. மாடத்துக் கட்டி விளிம்பு மழுங்காமல் இருந்தது. தினமும் பெருமையோடு எடை போட்டு வந்தேன்.

ஆறாம் நாள் மாடத்தில் பீர்க்கங்கூடு மட்டும் இருந்தது. விசாரித்ததில், அதுதான் கெட்டியாக இருந்தது என்று எடுத்துப்போய் ஸ்கூட்டர் கழுவியதாக மகன் ஒப்புக்கொண்டான். எனவே இக்கட்டுரையில் அட்டவணை இடம்பெறவில்லை.