பொருள்: பாம் தொட்டிகள் மீதான நடவடிக்கையைக் கைவிடக் கோருதல்

பெறுநர்: தலைவர், வளாக அழகுபடுத்தும் குழு, குடியிருப்போர் நலச் சங்கம்.

பார்வை: 'வாடும் பாம் செடிகளைக் காக்கப் போர்க்கால நடவடிக்கை' என்ற தங்கள் சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

புதுப்பித்த வரவேற்பறையின் திறப்பு விழாவுக்காக ஆந்திராவின் கடியத்திலிருந்து லாரியில் வந்திறங்கிய அரிக்கா பாம்கள், விழாவுக்கு முந்தைய இரவு கறுப்புப் பையிலிருந்து வெள்ளைப் பீங்கான் தொட்டிக்கு மாற்றப்பட்டன. ரிப்பன் வெட்டும் புகைப்படத்தில் அவை பச்சைப்பசேல் என்றே இருக்கின்றன. ஆக, திட்டம் வெற்றி. அதற்குப் பிறகும் உயிரோடிருக்க வேண்டும் என்று அந்தச் செடிகளிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

சுற்றறிக்கையில் 'நாசா பரிந்துரைத்த காற்றுச் சுத்திகரிப்பான்' என்றொரு வரி. 1989-இல் நாசா வெளியிட்ட ஆய்வில் சோதிக்கப்பட்டது மூங்கில் பாம். அரிக்கா அந்தப் பட்டியலிலேயே இல்லை. சோதனை நடந்ததும் காற்றுப் புகாத சிறு பெட்டிகளுக்குள். நம் வரவேற்பறைக் கதவோ சாத்தினாலும் மூடாது. போகட்டும்.

தங்கள் முதல் நடவடிக்கை தண்ணீர், காலையும் மாலையும். பீங்கான் தொட்டியில் துளை இல்லை. துளை போட்டால் புது டைல்ஸில் கறை படியும் என்று குழு தீர்மானமே போட்டிருக்கிறது. தேங்கிய நீரில் மூச்சு முட்டி வேர் அழுகுகிறது. அழுகிய வேர் தண்ணீர் இழுக்காது, ஓலை வாடும். வாடிய ஓலையைப் பார்த்ததும் தோட்டக்காரருக்கு உத்தரவு பறக்கிறது: இன்னும் ஒரு குடம். இவ்வளவு விசுவாசமாக நிறைவேறும் உத்தரவு நம் வளாகத்தில் வேறு எதுவுமில்லை.

அடுத்து உரம். இடமாற்றத்தில் வேர் அறுபட்டு, இருப்பதை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கும் செடிக்கு யூரியாவும் டிஏபியும் கைநிறையப் போட்டீர்கள். நம் போர்வெல் தண்ணீரின் உப்பே ஓலை நுனியைக் கருக்கப் போதுமானது; தாங்கள் தாராள மனத்தோடு மேலும் கொஞ்சம் சேர்த்தீர்கள்.

தண்டு ஆடுகிறது என்று அரையடி மண்ணை மேலே கொட்டியது மூன்றாவது. இந்த இனத்துக்கு ஆணிவேர் கிடையாது. தண்டின் அடியிலிருந்துதான் புதுச் சல்லிவேர்கள் கிளம்ப வேண்டும். அந்த இடத்தைத்தான் புதைத்துவிட்டீர்கள். ஆடாமல் நிற்கிறது, உண்மைதான்.

கத்தரிக்கோல் விஷயத்தை மட்டும் என்னால் எளிதில் கடக்க முடியவில்லை. மஞ்சள் மட்டைகள் பார்க்க நன்றாக இல்லையென்று வெட்டியெறிந்தீர்கள். பொட்டாசியம் போதாதபோது பழைய மட்டையிலிருந்து உறிஞ்சித்தான் பாம் தன் குருத்தை வளர்க்கிறது. அதன் சேமிப்புக் கணக்கே அந்த மஞ்சள் மட்டைதான். அதை மூடியதும் அடுத்த மட்டை மஞ்சளாயிற்று. அதையும் வெட்டினீர்கள். இப்போது ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் ஈர்க்குச்சி போல இரண்டு ஓலைகள் நிற்கின்றன. செயலாளர் தினமும் நடைப்பயிற்சி முடித்து வந்து, உயிர் இருக்கிறதா என்று குருத்தை இழுத்துப் பார்க்கிறார். அழுகிய குருத்து நாற்றத்தோடு கையோடு வந்துவிடும் என்பது சரிதான். நல்ல குருத்தும் தினமும் இழுத்தால் வந்துவிடும் என்பதை அவர் காதில் போடவும். ஒரு தண்டுக்கு ஒரே குருத்து. அது போனால் அந்தத் தண்டு பக்கத்தில் கிளைக்காது.

எனவே என் கோரிக்கை: தொட்டிக்குத் துளை போட்டு, கொட்டிய மண்ணை வழித்தெடுத்து, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். உரம், புதுக் குருத்து விரிந்த பிறகு. அதற்கு மாதங்கள் ஆகும். அதுவரை இந்தக் கோப்பை, பி பிளாக் லிஃப்ட் பழுதைக் கவனித்துவரும் துணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். ஒரு பொருளைத் தொடாமலே நெடுங்காலம் பரிசீலனையில் வைத்திருக்கும் பக்குவம் அவர்களுக்கு உண்டு. தங்கள் குழுவிடம் இருப்பது சுறுசுறுப்பு. அதை லிஃப்ட் பக்கம் திருப்பிவிட்டால் நான்காம் மாடிப் பாட்டிமார்கள் வாழ்த்துவார்கள்.

இப்படிக்கு,
சந்தா பாக்கியில்லாத உறுப்பினர்

நகல்: தோட்டக்காரர் அண்ணனுக்கு, தகவலுக்காக மட்டும், நடவடிக்கைக்காக அல்ல.