திறந்த கார்க் கம்பளம்: ஊறலும் ஊறல் நிமித்தமும்

இங்கிலாந்தில் மழை பெய்யும், இது முதற்கோள். அந்நாட்டார் கூரையில்லாத கார்களைச் செய்து, அவற்றின் தரையில் கம்பளமும் விரித்தார்கள். இது இரண்டாம் கோள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் சிலரே. எஞ்சினைப் பற்றி எழுதிக் குவித்த மோட்டார் வரலாற்று ஆசிரியர்கள், கால்மாட்டுக்கு வந்ததும் மௌன விரதம் பூண்டுவிடுகிறார்கள். அக்குறையைப் போக்க வந்தது இச்சிற்றாய்வு.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பனுவல் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர். ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை பூட்டப்பட்ட கார். 1798 சி.சி. எஞ்சின், இரண்டு இருக்கை, தலைக்குமேல் துணி. ஜி.டி. என்னும் கூரை வைத்த உடன்பிறப்பையும் சேர்த்தால் மொத்த உற்பத்தி ஐந்து லட்சத்தைத் தாண்டும். ஆனால் ஜி.டி.யை இங்கே விலக்கிவிட்டேன். கூரையுள்ள காருக்குள் கம்பளம் இருப்பதில் வியப்பில்லை. வியப்பில்லாத இடத்தில் ஆய்வாளனுக்கு என்ன வேலை?

அகப்பொருள் இலக்கணம் முதல், கரு, உரி என மூன்று பொருள் வகுக்கும். அம்முறையைப் பொருத்திப் பார்த்தால் நிறையத் தெளிகிறது. நிலம், வீட்டை ஒட்டிய கராஜ். பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். வேனிலில் காரை ஓட்டியாக வேண்டும் என்பதால். சிறுபொழுது, ஞாயிற்றுக்கிழமை எற்பாடு. தெய்வம், துரு. உணவு, ஆறிப்போன தேநீர். பறை, சுத்தியல். உரிப்பொருள், ஊறலும் ஊறல் நிமித்தமும். மருதத்துக்குரிய ஊடலும் இந்நிலத்தில் மயங்கி வரும், தலைவி கராஜ் வாசலில் நின்று "இன்னும் எவ்வளவு நாள்?" என்று வினவும் துறை அது.

நீர் எவ்வழி வருகிறது? கூரைத் துணியின் வழியே என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. என்னை? துணியை இறுக இழுத்து மூடி நிறுத்திய காரிலும் கால்மாடு குளமாகக் கிடக்கக் காண்கிறோம் ஆதலின் என்க. முன்கண்ணாடிக்கு முன்னால், காற்று புகுவதற்கென்று ஒரு சல்லடைத் தட்டு உண்டு. காற்றுக்குத் திறந்த கதவு மழைக்கும் திறக்கும். புகுந்த நீர் இறங்கிப் போக ஒரு ரப்பர் குழாயும் வைத்தார்கள். அதுவரை திட்டத்தில் பழுதில்லை. நாளடைவில் மக்கிய இலைகள் அக்குழாயை அடைக்கும். பிறகு நீர் தேங்கி மட்டம் உயர்ந்து, ஹீட்டர் வழியாக உள்ளே இறங்கி, பயணியின் காலணியை விசாரிக்கும். ஆகவே கம்பளம் மாற்ற நினைப்பவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது குழாய் அடைப்பைக் குத்தி எடுக்க ஒரு கம்பி. அது கம்பளப் பணியில் சேராது என்று வாதிடுவோர், அடுத்த கூதிரில் இன்னொரு கம்பளம் வாங்குவர்.

பழையதைக் களைய இருக்கையைக் கழற்ற வேண்டும். முன் போல்ட்டுகள் கைக்கு எட்ட இருக்கையைப் பின்னே தள்ள வேண்டும். பின் போல்ட்டுகளுக்கு முன்னே இழுக்க வேண்டும். ஓடுபாதை துருவேறி ஓரிடத்திலேயே நின்றுவிட்டால் நான்கில் இரண்டு மட்டும் காட்சி தரும். சில போல்ட்டுகளைத் திருகினால் அடியில் இருக்கும் நட்டும் உடன் சுற்றும். செயல் நிகழ்கிறது, பயன் நிகழ்வதில்லை. இந்நிலையை வேதாந்திகள் எப்போதோ வருணித்துவிட்டார்கள், ஸ்பானர் இல்லாமலே. இருக்கை கழன்றதும் ஓடுபாதைக்கு அடியில் மரச்சட்டங்கள் தென்படும். விளையாட்டுக் காரில் தச்சு வேலையா என்று மலைக்க வேண்டாம். மலைப்புக்குரியது அதற்கும் கீழே இருக்கிறது.

அகழ்வின் அடுக்குகளாவன: மேலே கம்பளம், அதன்கீழ் ஃபெல்ட், அதன்கீழ் இரைச்சலை அடக்க ஒட்டிய தார்ப்பட்டை, அதன்கீழ் இரும்பு. சில அகழ்வுகளில் நான்காம் அடுக்கின் இடத்தில் கராஜின் சிமெண்டுத் தரை வெளிப்பட்டிருக்கிறது. காரணம் எளிது. ஃபெல்ட் நீரைக் குடித்துவிட்டு மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளும். தார்ப்பட்டை விரிசல் விட்ட இடத்தில் அந்நீர் இரும்பைத் தொடும். எம்.ஜி.பி.க்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் சேசிஸ். எனவே தரையும் கதவடியில் ஓடும் சில்லும் அரித்துப்போனால் அழகு மட்டுமா கெடும்? கதவே சரியாக மூடாது.

இந்த இடத்தில்தான் ஆய்வின் துணிபு. கம்பளம் விரிக்கப்படுவது உரிமையாளரின் மன அமைதிக்காக. அது கிழியாத வரை, கீழே தரை இருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை. ஓரத்தைத் தூக்கிப் பார்த்தவர் வெல்டிங் கற்றுக்கொள்கிறார். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம், பழைய அச்சுகளைக் கொண்டு ரோட்ஸ்டரின் முழு பாடியையும் 1988-ல் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. கம்பளம் வாங்கியவர், அதை விரிப்பதற்கென்று ஒரு கார் வாங்கும் வழி அன்று பிறந்தது. அந்நிலையில் மாற்றப்பட்டது எது, எஞ்சியது எது என்பதை நையாயிகர் தீர்க்கட்டும்.

தரை நலமாக அமைந்த பாக்கியவான்களுக்கு இனி வருவது. நடுவிலுள்ள கியர்பாக்ஸ் மேட்டில் தொடங்கி, சில்லுக்குப் போய், தரைக்குக் கடைசியில் வருக. பெரும் இடர் பின்சக்கர வளைவில் வரும். இருபுறமும் வளைந்த ஒரு பரப்பின்மேல், தட்டையான பரப்பை நீட்டாமலும் மடிக்காமலும் வெட்டாமலும் போர்த்த முடியாது. அதற்கான கணிதத்தை ஜெர்மானியரான கௌஸ் 1827-லேயே தந்துவிட்டார். அவரிடம் ரோட்ஸ்டர் இருந்ததில்லை. ஆயினும் அவ்வளைவில் எழும் சுருக்கத்துக்கு அதைவிட நல்ல உரை இல்லை. பரிகாரம், கம்பளத்தைச் சூடேற்றி இளக்கி இழுத்து ஒட்டுதல். கூதிரில் வெயில் ஏது எனின், ஹேர் டிரையர் என்க. அது யாருடையது என்பதைப் பொறுத்து ஊடல் துறை மீண்டும் வரும்.

காண்டாக்ட் பசையை இரு பரப்பிலும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறுத்துச் சேர்க்க வேண்டும். சேர்ந்தது சேர்ந்ததுதான்; நகர்த்திப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பாலித்தீன் தாளை வைத்து, இடம் சரிபார்த்து, தாளைச் சிறிது சிறிதாக உருவுவது பட்டறிந்தோர் உத்தி. பசையின் நெடி தலை சுற்ற வைக்கும். காருக்குக் கூரை இல்லாததன் பயன் நேரடியாகத் தெரிவது இந்த ஒரு கட்டத்தில்தான்.

போல்ட் துளைக்கு டிரில் வைப்பது பெரும்பிழை. சுழலும் முனை ஓர் இழையைப் பற்றிக்கொண்டால் ஒரு வரிசை முழுவதையும் உருவிவிடும். நைலானாயின் சூடான சால்டரிங் அயர்னால் துளை உருக்கலாம். கம்பளியாயின் முடி கருகும் நாற்றம் வரும், இரண்டும் கெரட்டின் ஆதலின்; அதற்குத் துளைப்பான் நன்று.

எதை ஒட்டக்கூடாது என்பது பலர் படிக்காமல் விடும் அதிகாரம். தரைத் துண்டுகள் பிரஸ் பட்டனில் நிற்பவை. நனைந்தால் கழற்றி உலர்த்தலாம். இரண்டு கோள்களையும் அருகருகே வைத்துப் பார்த்த சிலர் யாரெனின், அந்தப் பட்டனை வைத்தவர்களே என்க. நனையும் என்று தெரிந்துதான் விரித்திருக்கிறார்கள். இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள துண்டையும் அவ்வாறே கழற்றும்படி விட வேண்டும். ஆர்வ மிகுதியால் அதையும் ஓரம் முழுக்கப் பசை பூசி, சுருக்கமின்றி, கௌஸே மெச்சும்படி ஒட்டிவிட்டவர்கள் உண்டு. எம்.ஜி.பி.யின் பாட்டரி அதற்கு அடியில் இருக்கிறது.