மலையேறும் திட்டக்குழு

ஏப்ரல் பிறந்தால் கோவை ஆர்.எஸ்.புரத்து வீடுகளில் மலைப் பயணத் திட்டக்குழு கூடும். தலைவர் அப்பா, வீட்டோ அதிகாரம் பதினைந்து வயசுப் பையனிடம். ஊட்டி என்றால் உதட்டைப் பிதுக்குவான்: "அதெல்லாம் ரீல்ஸ்லயே பாத்தாச்சுங்கப்பா." அங்கே போக, 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவால் வந்த இ-பாஸை அவன்தான் போனில் எடுத்துத் தரணும்; அப்பாவால் அதட்டவும் முடியாது. சரி, வால்பாறை. விடியற்காலை 5 மணிக்குக் கிளம்புவதாகத் தீர்மானம். பையன் எழுந்தது 9 மணிக்கு. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். அம்மாவின் மடியில் எலுமிச்சம்பழம், பையனின் மடியில் பவர்பேங்க். ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் காட்சிமுனை. கீழே அணை பளபளக்கிறது, பாறையில் வரையாடு நிற்கிறது. பையன் ஒருவழியாகத் தலை நிமிர்ந்தான்:

"ஏனுங்கப்பா, இங்க டவரே கெடைக்காதுங்களா?"