நல்ல சிகிச்சையைத் தோற்கடிக்கச் சில யோசனைகள்

ஏ.ஆர்.டி.எஸ். என்னும் கடும் மூச்சுத்திணறலுக்கு யாராவது புதுச் சிகிச்சையோடு வந்துவிட்டார்களா? பதறாதீர்கள், கவிழ்க்க வழி இருக்கிறது.

முதலில் ஆள் சேருங்கள். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெளுத்திருக்கிறதா, ஆக்சிஜன் குறைகிறதா, அது போதும். அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6 எகிறி, ரத்தத்தில் பைகார்பனேட் இறங்கி, ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க மருந்து ஏறிக்கொண்டிருப்பவரையும், அப்படி எதுவுமில்லாத பக்கத்துப் படுக்கைக்காரரையும் ஒரே பட்டியலில் போடுங்கள். வகை, பிரிவு என்றெல்லாம் பேச்செடுப்பவரைத் தேநீர் வாங்கிவர அனுப்பிவிடுவது நல்லது.

அடுத்தது சராசரி. வித்தையே இதில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் அல்வியோலி ஆய்வு 2004-ல் வெளியானது, 549 நோயாளிகள். மூச்சை வெளியே விட்ட பிறகும் நுரையீரல் சுருங்கிவிடாமல் வென்டிலேட்டர் தாங்கிப் பிடிக்கும் அழுத்தத்துக்கு பீப் என்று பெயர். அதைக் கூட்டி வைத்தாலும் குறைத்து வைத்தாலும் சாவு எண்ணிக்கையில் சொல்லும்படி வித்தியாசமில்லை. கோப்பு மூடப்பட்டது. 2014-ல் ஆய்வாளர் கரோலின் கால்ஃபியின் குழு அதைத் தூசி தட்டி எடுத்து, அழற்சி மிகுந்தவர்களைத் தனியே பிரித்தது. அவர்களில் பீப் குறைவாக இருந்தபோது 51 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், கூட்டியபோது 42. அழற்சி குறைந்தவர்களிடம் கதை தலைகீழ்: குறைவாக இருந்தபோது 16, கூட்டியபோது 24. ஒரு பக்கத்து லாபத்தை மறுபக்கத்து நஷ்டம் தின்றுவிட்டது. மூடிய கோப்பைத் திறக்க விடக்கூடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பழைய தரவை அலசியது நிரூபணம் ஆகாது என்று நீங்கள் சீறலாம். வாதம் நியாயமானது, வசதியானதும்கூட.

கொழுப்பு மாத்திரை சிம்வாஸ்டாட்டினும் இப்படித்தான் ஹார்ப்-2 ஆய்வில் தோற்றது. பிரித்துப் பார்த்தபோது அழற்சி மிகுந்தவர்கள் அதனால் கூடுதலாகப் பிழைத்திருந்தார்கள். இதை வெளியே சொல்லாதீர்கள். அதன் சொந்தக்கார மாத்திரை ரோசுவாஸ்டாட்டினில் அப்படி எதுவும் தென்படவில்லை; அதை மட்டும் உரக்கச் சொல்லுங்கள்.

முடிவை அளக்க ‘வென்டிலேட்டர் இல்லாத நாட்கள்’ கைகொடுக்கும். 28 நாளும் மெஷினில் கிடந்து அப்புறம் வீடு திரும்பியவருக்குப் பூஜ்யம். இரண்டாம் நாளே இறந்தவருக்கும் பூஜ்யம். கணக்கு சுத்தம்.

வகை பிரிக்க மூன்று நான்கு அளவுகளே போதும், அதில் பைகார்பனேட் எப்படியும் ரத்த வாயுப் பரிசோதனைச் சீட்டில் இருக்கிறதே என்று இளைய டாக்டர் யாராவது இழுத்தால், அந்தச் சீட்டை வாங்கி மடித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.