கோடும் வட்டமும்

டெல்ஃப்ட்,
ஐப்பசி மாதம் 12ஆம் நாள்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமா அவர்களுக்கு,

மருமகன் அநேக நமஸ்காரம் செய்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் மனைவியும் குழந்தையும் க்ஷேமம். தாங்களும் அத்தையும் க்ஷேமமாயிருப்பதையும், அத்தையின் முழங்கால் வலி எண்ணெய்க்குக் கட்டுப்படாமல் இருப்பதையும் வாட்ஸாப் வழியாகத் தினந்தோறும் அறிந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆயினும், "அதிலே வருவது செய்தி, தபாலில் வருவதுதான் கடிதம்" என்று தாங்கள் விதித்திருக்கும் சட்டத்தை மீறத் துணிவில்லாமல், காகிதமும் பேனாவும் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பழைய வீட்டைப் பிரித்துவிட்டுப் புதுவீடு கட்ட உத்தேசித்திருப்பதையும், விடுதிகளுக்குப் பழைய மரம் வாங்கிக் கொடுக்கும் வியாபாரி ஒருவன் வந்து தட்டுக்கும் நிரைக்கும் விலை பேசிப் போயிருப்பதையும், முகப்பு எடுப்பாகவும் படி அகலமாகவும் உள்ள வெளிநாட்டு மாடல் வீடுகளாக நாலைந்து படம் நான் அனுப்பவேண்டும் என்பதையும் வாசித்துத் தெரிந்துகொண்டேன். கடமை தவறாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கால்வாய்க் கரைகளில் அலைந்து வீடு பார்த்தேன்.

எடுப்புக்குக் குறைவில்லை. முந்நூறு நானூறு வருஷத்து வீடுகள், முகட்டைப் படிப்படியாகச் செதுக்கியவையும், கழுத்து நீண்டவையும், மணியைக் கவிழ்த்து வைத்தாற்போன்றவையுமாக வரிசை கட்டி நிற்கின்றன. ஆனால் அகலமோ, நம் படிப்புரைத் திண்ணையில் நாலு பேர் நெருக்கிப் படுத்தால் எவ்வளவு வருமோ அவ்வளவுதான். முற்காலத்தில் முகப்பின் அகலத்தை அளந்தே வரி போட்டார்கள் என்று காரணம் சொல்லுகிறார்கள். மாடிப்படியைப் பற்றிச் சொல்வதானால், தென்னை ஏறிப் பழகியவனே அதில் தைரியமாகக் கால் வைக்கலாம். நான் முதல் நாள் ஏணியில் இறங்குவதுபோல முதுகைக் காட்டித்தான் இறங்கினேன். கட்டிலும் அலமாரியும் அந்தப் படியில் ஏறமாட்டா என்பதால், முகட்டிலிருந்து ஓர் உத்தரத்தை வெளியே நீட்டி, அதன் நுனியில் கொக்கி மாட்டி, கிணற்றில் தண்ணீர் இறைப்பதுபோலக் கயிற்றால் இழுத்து ஜன்னல் வழியாக உள்ளே எடுத்துக்கொள்கிறார்கள். அத்தையின் முழங்காலை உத்தேசிக்கும்போது அவர்களையும் அந்த வழியாகவே மாடிக்கு அனுப்ப நேரும் என்பதால், இந்த மாடலை நான் சிபாரிசு செய்யவில்லை.

வேறு மாடல் விசாரிக்கலாம் என்றிருந்த சமயத்தில்தான் அண்டை வீட்டு அம்மாளுக்கு எண்பதாவது பிறந்தநாள் வந்தது. இந்நாட்டில் பிறந்தநாள் என்பது ஒரு விரதத்துக்குச் சமானம். பந்துக்களின் பிறந்தநாட்களையெல்லாம் குறித்த நாட்காட்டியைக் கக்கூஸ் சுவரில் மாட்டி, ஆற அமர உட்கார்ந்து மனப்பாடம் செய்கிறார்கள். அன்றைய தினம் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அனைவரும் முகத்தோடு முகம் பார்த்து உட்காருகிறார்கள். உள்ளே நுழைகிறவன் பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்தினால் போதாது. வட்டத்தைச் சுற்றிவந்து, "உங்கள் தாயாருக்காக வாழ்த்துகள்," "உங்கள் மாமியாருக்காக வாழ்த்துகள்," என்று ஒவ்வொருவர் கையையும் குலுக்கவேண்டும். அண்டை வீட்டான் என்ற உறவுக்காக என்னையும் பதினாலு பேர் வாழ்த்தினார்கள். பிறகு ஆளுக்கு ஒரு துண்டு கேக், ஒரு காப்பி. இரண்டாம் துண்டு வரும் என்று எதிர்பார்த்துத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் இருந்தேன். அது வரும் ஜாதி அல்ல என்பதைப் பின்பு உணர்ந்தேன்.

வயிற்றுக்கு வேலை இல்லாத இடத்தில் வாய்க்கு வேலை அதிகம். சம்பாஷணை வம்சாவளியில் ஆரம்பித்தது. அந்த அம்மாளின் தம்பி, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கிழவர், ஒரு காகிதச் சுருளைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். மாதாகோயில் பதிவேடுகளைப் புரட்டிப் பதினேழாம் நூற்றாண்டு வரைக்கும் தம் பாட்டன் பூட்டன்மாரைக் கண்டுபிடித்திருக்கிறார். நெப்போலியன் ஆட்சியில், 1811இல், ஒவ்வொருவரும் குடும்பப் பெயர் ஒன்றைப் பதிந்துகொள்ளவேண்டும் என்று உத்தரவு வந்ததாம். அவருடைய குடும்பப் பெயருக்கு 'மலையிலிருந்து வந்தவர்' என்று அர்த்தம். இங்கே அது வெகு சாதாரணமான பெயர். இந்த மண்ணின் ஒரு மூலையில் இருக்கும் மிக உயரமான மேட்டுக்கே 322 மீட்டர்தான் உயரம். மற்றபடி நாட்டில் நாலில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. வேளிமலை அடிவாரத்தில் பிறந்த நான் எப்படியோ சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"உங்கள் குடும்பப் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார். எனக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் பின்னால் நிற்பதால், இங்குள்ள சர்க்கார் கச்சேரிகளில் அதுவே என் பெயராகிவிட்டது. புலியூர்க்குறிச்சிக்கு அப்பால் சைக்கிள் மிதித்தறியாத என் தகப்பனார், டெல்ஃப்ட் நகரத்து வீதியில் இரவில் விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டிய குற்றத்துக்காகச் சென்ற மாதம் அபராதம் விதிக்கப்பட்டார். தொகையை நான் கட்டிவிட்டேன். தகவலை அவரிடம் தெரிவிக்க வேண்டாம்.

பெயர் போகட்டும், பாட்டன் பெயரையாவது சொல் என்றார் கிழவர். தகப்பனின் தகப்பன் என்று மேலே ஏறினால் எங்கள் வீட்டுக் கணக்கு வராது, அது தாய்வழி போவது என்று ஆரம்பித்தேன். குடும்பத் தலைவரான காரணவர் சம்பாதித்து வைப்பார், அவர் கண் மூடினால் சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குப் போகும் என்றதும், "சொந்த மகனுக்கு?" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் கேட்டார்கள். உகந்துடைமை என்று ஒரு சிறு பங்கு உண்டு. மற்றபடி அவனுக்கும் ஒரு மாமன் இருப்பானல்லவா என்றேன். இந்த ஏற்பாட்டில் விளைந்த வியாஜ்யங்களையும் வயிற்றெரிச்சலையும் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி தன் வாயால் சொல்லும் கதையாக, மருமக்கள்வழி மான்மியமாகப் பாடிவைத்ததையும், 1926இல் திருவிதாங்கூர் அரசாங்கம் நாஞ்சில்நாட்டு வெள்ளாளருக்கென்று சட்டம் போட்டு அந்த முறைக்கு முடிவு கட்டியதையும் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். எண்பது வயது அம்மாள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "ஐந்து மனைவிகளின் பிறந்தநாட்களையும் அவர் ஞாபகம் வைத்திருந்தாரா?" என்று ஒரு கேள்வி போட்டாள். கவிமணி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டேன்.

மருமகன் என்றால் அலட்சியமாக எண்ணிவிடப் போகிறார்களே என்று, 1729இல் மாமாவின் பட்டத்துக்கு வந்து, மாமாவின் பிள்ளைகளோடு மல்லுக்கு நின்று ஜெயித்த மார்த்தாண்டவர்மா மகாராஜாவைப் பற்றியும் சொன்னேன். "அந்த மருமகன்தான் 1741இல் குளச்சலில் உங்கள் டச்சுக் கம்பெனிப் பட்டாளத்தை முறியடித்தவர், பிடிபட்ட உங்கள் டிலனாய் எங்கள் சேனையைப் பழக்கி, வலிய கப்பித்தான் என்று பெயர் வாங்கி, 1777இல் இறந்து, எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் தமிழும் லத்தீனும் வெட்டிய கல்லறையில் படுத்திருக்கிறார்," என்றேன். கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "டிலனாய் பிறந்தது அர்ராஸில். அது பிரான்ஸ்," என்றார். குளச்சலில் டிலனாய் ஜெயித்திருந்தால் கிழவருக்கு அர்ராஸ் ஞாபகத்துக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்.

தேசப் பிரஸ்தாபம் வந்ததும் அடுத்த சிக்கல். நான் எந்த ராஜ்யத்தான்? பாட்டி பிறந்தது திருவிதாங்கூரில்; தாங்கள் பிறந்தது திருவிதாங்கூர்-கொச்சியில்; 1956 நவம்பர் முதல் தேதி கல்குளம் தாலுகா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்துவிட்டபடியால் நான் பிறந்தது தமிழ்நாட்டில்; மூன்று பிறப்பும் நடந்தது அதே தெற்கு அறையில். ஒருவரும் வாசற்படி தாண்டவில்லை. பத்மநாபபுரம் அரண்மனைக்கும் அதே கதிதான்: நிற்கிற மண் தமிழ்நாடு, பராமரிக்கிறது கேரள சர்க்கார். இதைக் கேட்டு ஆச்சரியப்படுவார்கள் என்று பார்த்தேன். ஒருவர் மிகச் சாதாரணமாக, தெற்கே பார்ல என்ற ஊரில் பெல்ஜிய எல்லைக்கோடு வீடுகளுக்கு உள்ளேயே ஓடுகிறது என்றும், தலைவாசல் எந்தப் பக்கம் இருக்கிறதோ வீடு அந்தத் தேசத்தைச் சேர்ந்தது என்றும் சொல்லிவிட்டார்.

தலைவாசலிலிருந்து பேச்சு வீட்டுக்குள் நுழைந்தது. யாருக்கு எந்த மாதிரி வீடு பிடிக்கும் என்று வட்டமாக அபிப்பிராயம் சொன்னார்கள். 1930களில் கட்டிய வீடுதான் வீடு, வண்ணக் கண்ணாடியும் வெளியே பிதுங்கிய ஜன்னலும் இரண்டு கூடத்துக்கும் நடுவில் தள்ளுகதவும் உள்ளது என்றார்கள் பெரியவர்கள் பலர். பேத்தி ஒருத்தி, உத்ரெக்த் நகரில் ரீட்ஃபெல்ட் 1924இல் கட்டிய வீட்டைப் புகழ்ந்தாள். அங்கே மாடியில் சுவர்களையே தள்ளி வைத்துக்கொள்ளலாமாம். என் முறை வந்தது. பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்து விதானத்தில் தொண்ணூறு விதமாகச் செதுக்கிய பூக்களையும், மந்திரசாலையின் அப்பிரக ஜன்னல்களையும் செல்பேசியில் காட்டினேன். கண்ணாடிபோல மின்னும் கறுப்புத் தரையைச் சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு முதலியவற்றைச் சேர்த்து இழைத்ததாகச் சொல்வார்கள் என்றதும், மஞ்சள்கருவை என்ன செய்தார்கள் என்று ஓர் அம்மாள் விசாரித்தாள். அறுபத்துநாலு மூலிகை மரங்களால் ஆன கட்டில் டச்சுக்காரர்கள் கொடுத்த வெகுமதி என்று அரண்மனை வழிகாட்டிகள் சொல்வதைத் தெரிவித்தேன். ரசீது இருக்கிறதா என்றார் கிழவர். ஆனாலும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆம்ஸ்டர்டாம் அரண்மனையும் மரத்தின்மேல்தான் நிற்கிறது, சேற்றில் 13,659 மரத்தூண்களை அடித்து இறக்கி அதன்மேல் கல்லை வைத்தோம். எங்கள் தச்சுவேலை வெளியே தெரியாது, அவ்வளவுதான் என்றார்.

அப்போதுதான் அடுத்த படமாக நம் வீட்டு அறைப்புரை வந்தது. நெல்லும் வெண்கலமும் பூட்டி வைத்த அறை அது என்றும், அதன் சுவர் கல்லல்ல, அயனிப் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து ஆசாரி நிறுத்திய நிரை என்றும் விளக்கினேன். நிரையின் உட்பக்கத்தில், நெல் பத்தாயத்துக்கு மேலே, பாட்டியின் அம்மை ஆணியால் கீறத் தொடங்கி, பாட்டி தொடர்ந்து, பிற்பாடு அம்மாவும் கீறிய குறிகளைத் தாங்கள் அறிவீர்கள். வீட்டில் பெண் பிறந்தால் ஒரு வட்டம். ஆண் பிறந்தால் ஒரு கோடு. பக்கத்தில் மாதமும் கொல்லம் ஆண்டும். வட்டத்தின் கீழே அதற்குப் பிறந்த வட்டங்களும் கோடுகளும் வரும். கோட்டின் கீழே ஒன்றும் வராது. 1127 தை, ஒரு கோடு: தாங்கள். 1161 தை, ஒரு கோடு: நான்.

கிழவர் பூதக்கண்ணாடி வரவழைத்துச் செல்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, விரலால் ஒவ்வொரு குறியாகத் தொட்டு எண்ணினார். தம்முடைய சுருளில் ஆண்பிள்ளைகள் எல்லாம் தொடர்ந்துபோக, பெண்கள் கல்யாணத்தோடு நின்றுவிடுவதையும், இதில் தலைகீழாக இருப்பதையும் அவரே கண்டுகொண்டு, "அப்படியானால் நீங்கள் இங்கே முடிந்துபோகிறீர்கள்," என்றார். ஆமாம், நானும் என் மாமாவும் என்றேன். "இதன் அசல் எந்தக் காப்பகத்தில் இருக்கிறது?" என்று கேட்டார்.

இங்கிருந்து ரயிலில் கால்மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஹேக் நகரத்து தேசிய ஆவணக் காப்பகத்தில், நம் கரையிலிருந்து மிளகு கொண்டுபோன கம்பெனியின் கடுதாசுகளை இன்றுவரை அட்டைபோட்டு அடுக்கி வைத்திருக்கும் ஜனங்கள் இவர்கள். அவர்களிடம் போய், அசல் என் மாமா வீட்டில் இருக்கிறது, பழைய மரத்துக்கு விலை பேசியாயிற்று என்று சொல்ல எனக்கு நாக்குப் புரளவில்லை; இருந்தாலும் சொன்னேன். எவ்வளவுக்கு என்று கேட்டார். தாங்கள் எழுதியிருந்த தொகையை இந்த ஊர்க் காசில் மாற்றிச் சொன்னேன். அவர் பதில் ஒன்றும் சொல்லாமல் தம்முடைய சுருளைச் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு, நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

மாமா, தங்கள் இஷ்டப்படியே புதுவீடு கட்டுங்கள். முகப்புக்குக் கண்ணாடி வையுங்கள், படியை அத்தைக்கு ஏற்றபடி அகலமாகப் போடுங்கள். மழைக்காலத்தில் ஓடு மாற்றி மாற்றித் தாங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியாததல்ல, தூரத்தில் இருந்துகொண்டு ஒழுகுகிற வீட்டின் அழகைப் பாடுவது சுலபம். அறைப்புரையின் அந்த ஒரு நிரையை மட்டும் வியாபாரிக்குக் கொடுக்காமல், புதுவீட்டில் முகப்புக்குப் பொருந்தாவிட்டால் உள்ளறை ஒன்றில் நிறுத்தி வையுங்கள்.

இன்னொரு விண்ணப்பம். முறைப்படி பார்த்தால் என் மகளைக் கீறவேண்டியது அவள் தாயார் வீட்டு நிரையில். அவர்கள் வீடோ கான்கிரீட். ஆணி வளையுமே தவிர கீறல் விழாது. ஆகையால், என் கோட்டுக்குக் கீழே முறை தப்பி ஒரு வட்டம் போடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். 1926க்கு முந்தைய வழக்கப்படி அந்த வீடும் விளையும் மருமகனாகிய எனக்கே வந்து சேர வேண்டியவை என்பதைத் தாங்கள் மறுக்கமாட்டீர்கள். அந்த உரிமை அத்தனையையும் இதன்மூலம் விட்டுக்கொடுக்கிறேன். வட்டம் ஒன்று போதும். 1201 சித்திரை என்று பக்கத்தில் போடுங்கள். ஆணி பத்தாயத்தின் மூடிக்கு அடியில் செருகியிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மருமகன்