14 நாட் அண்ணன்

எங்கள் அண்ணன் இந்தியக் கடற்படையில் 15 வருஷம் இருந்தார். அதில் கடலைக் கண்ணால் பார்த்தது எவ்வளவு நேரம் என்பதில்தான் திருவொற்றியூரில் தகராறு. குப்பத்து மீனவர்கள் விடவே மாட்டார்கள். "இன்னா நைனா, தண்ணி மேலயே இருந்துகினு தண்ணியப் பாக்கலியா நீ?" என்பார்கள்.

அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அண்ணன் பாய்லர் ரூம் ஆள். லோனாவாலாவில் பயிற்சி முடித்ததும், 1971 தொடக்கத்தில் விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ராந்தில் போட்டார்கள். மேல்தளத்தில் மற்றவர்கள் காற்று வாங்க, அண்ணன் கடல் மட்டத்துக்குக் கீழே வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தார்.

அவர் போய்ச் சேர்ந்த நேரம், கப்பலுக்கே உடம்பு சரியில்லை. பாய்லர்களின் தண்ணீர் டிரம்களில் விரிசல் விழுந்திருப்பதாக, 1970 ஜூனிலேயே பம்பாயில் நிறுத்திவைத்துவிட்டார்கள். வெல்டிங் வைத்தால் ஒட்டாத விரிசல். மாற்று டிரம் பிரிட்டனிலிருந்து வர வேண்டும். பாகிஸ்தானோடு வரப்போகும் போர் அதுவரைக்கும் காத்திருக்குமா? 1971 மார்ச்சில் அழுத்தத்தைக் குறைத்து பாய்லரை மூட்டி, வெள்ளோட்டம் பார்த்து, 14 நாட்டுக்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். 14 நாட் என்றால் மணிக்கு 26 கிலோமீட்டர். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வழிவிட்டால் மாநகரப் பேருந்தே அந்தக் கப்பலை முந்திவிடும்.

டிசம்பர் 4-ஆம் தேதி விக்ராந்திலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. வரலாறு நடந்துகொண்டிருந்தபோது நீ என்ன செய்தாய் என்று அண்ணனைக் கேட்டேன்.

"பிரஷர் கேஜ் முள்ளப் பாத்துகினு இருந்தேன்."

"போர் முடிஞ்சது எப்படித் தெரிஞ்சது?"

"டீ கொண்டாந்தவன் சொன்னான்."

அந்தப் போரில் அண்ணனுக்குப் பிடித்த ஆயுதம் விமானமும் இல்லை, பீரங்கியும் இல்லை, காய்கறி. விக்ராந்தைத் தேடிக்கொண்டு பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி வங்காள விரிகுடாவுக்குள் வந்திருந்தது. கிழக்குப் பிராந்தியத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், கப்பலை அந்தமான் பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, விசாகப்பட்டினத்தில் கான்ட்ராக்டர்களைக் கூப்பிட்டுப் பெரிய கப்பற்படை வரப்போவதுபோல இறைச்சிக்கும் காய்கறிக்கும் ஏகப்பட்ட ஆர்டர் கொடுத்தார். செய்தி கசிய வேண்டும் என்றுதான் கொடுத்தார். காஜியும் விசாகப்பட்டினம் வந்தது. டிசம்பர் 3 நள்ளிரவு வாக்கில் அங்கேயே முழுகியது.

இந்த வெற்றியின் பாரம் அண்ணியின் தலையில் விழுந்தது. கால் கிலோ கத்திரிக்காய் வாங்கிவா என்று அனுப்பினால் அண்ணன் மூன்று கிலோவோடு வருவார். காசிமேட்டுக்குப் போனால் கூடையோடு சங்கரா. அண்ணி கத்தினால், "எதிரி ஏமாறணும்டி" என்பார். "இந்த வீட்ல ஏமாந்தது நான் ஒருத்திதான்" என்பார் அண்ணி.

ஒருநாள் மீனவ நண்பர்கள், கடலைக் காட்டுகிறோம் என்று ஃபைபர் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கரை கண்ணுக்குத் தெரியும்போதே அண்ணன் காலையில் சாப்பிட்ட இட்லியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டார். இறங்கிய பிறகு, "19,500 டன் கப்பல்ல இருந்த உடம்பு. இதெல்லாம் ஒரு படகா?" என்றார். அவர்கள் சிரித்தபடியே ஒரு வஞ்சிரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

கடற்படையிலிருந்து வந்த பிறகு மணலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அங்கேயும் பாய்லர்தான். விக்ராந்த்தான் ஓய்வுக்குப் பிறகு அல்லாடியது. 1997 ஜனவரியில் அதைப் படையிலிருந்து விடுவித்தார்கள். மும்பையில் மியூசியமாக நின்றது. 2014-இல் பழைய இரும்புக்கு விற்று உடைத்துவிட்டார்கள். அன்றைக்கு அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு யாரோடும் பேசவில்லை. காய்கறியும் வாங்கவில்லை.

2016-இல் பஜாஜ், விக்ராந்தின் இரும்பை உருக்கி பெட்ரோல் டேங்க்கில் சேர்த்திருப்பதாகச் சொல்லி 'வி' பைக்கை இறக்கியது. அண்ணனுக்கு அப்போது வயது 65. 1955 முதல் என்ஃபீல்டு தொழிற்சாலை இருக்கும் ஊர் இது. புல்லட் பிறந்த மண்ணில் வேறு பைக் வாங்குவது ஊர்த் துரோகம் என்று சொந்தக்காரர்கள் பொங்கினார்கள். "இது பைக் இல்லடா, என் கப்பல்" என்று சொல்லிவிட்டு அண்ணன் வாங்கியே விட்டார். டெலிவரி எடுத்த அன்று டேங்க்கைத் தட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டார். "விரிசல் இல்ல" என்று கடை ஆளிடம் சான்றிதழ் கொடுத்தார்.

ஆனால் 26 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவே மாட்டார். "14 நாட்தான் உத்தரவு." எண்ணூர் நெடுஞ்சாலையில் பின்னால் டிரெய்லர் லாரிகள் ஹாரன் அடித்து அலறும். டிரைவர்கள் நம் தாய்மொழியின் வளத்தையெல்லாம் எடுத்துக் காட்டுவார்கள். பின்சீட்டில் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அண்ணன் அட்மிரல் போல உட்கார்ந்திருப்பார்.

இதயத்தில் அடைப்பு, பிரஷரும் அதிகம் என்று டாக்டர் சொன்னபோதும் அசரவில்லை. "விரிசல் விட்ட பாய்லரோட சண்டைக்குப் போய் வந்தவன் சார் நான். பிரஷரக் குறைச்சு வெச்சா ஓடும்." ஓடியது. இன்னும் மூன்று வருஷம் ஓடி, 2019 ஆடியில் நின்றது. வீட்டிலிருந்து சுடுகாடு வரை வண்டி ஊர்ந்த வேகம் அவருக்கு நிச்சயம் பிடித்திருக்கும். மீனவ நண்பர்கள்தான் தோள் கொடுத்தார்கள். அன்றைக்கு ஒருவர்கூடக் கேலி பேசவில்லை. அண்ணன் இருந்திருந்தால் அதற்குத்தான் கோபப்பட்டிருப்பார்.

2022 செப்டம்பர் 2-ஆம் தேதி கொச்சியில் புது விக்ராந்தைப் படையில் சேர்த்தார்கள். டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தோம். இதில் பாய்லரே கிடையாது, நான்கு கேஸ் டர்பைன்கள் என்று நான் சொல்ல ஆரம்பித்ததும், அண்ணி சுவரில் மாட்டியிருந்த அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசு, காதுல விழுந்துடப் போவுது" என்றார்.

பைக்கை இப்போது நான்தான் வைத்திருக்கிறேன். போன மாதம் மெக்கானிக், "இதுக்கு இனிமே செலவு பண்ணாதீங்க சார், காயலான் கடையில போட்டுடுங்க" என்றான். அண்ணியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அந்த இரும்பு ஒருவாட்டி காயலான் கடைக்குப் போய்த் திரும்பி வந்துதுடா. மறுபடியும் அனுப்பினா உங்கண்ணன் என்னையில்ல கேப்பாரு?" என்றார் அண்ணி. மறுநாளே மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு வந்தேன். எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறான். பில் எவ்வளவு வரும் என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்.